வெறும் பொட்டணம்

அந்தக்காவுக்கு ஒரு கிண்ணம் ரசம் குடுத்துப் பாருங்க. கிண்ணம் திரும்பி வர்றப்ப அதுல என்னமாவது இருக்கும். ஒரு எலுமிச்சங்காய், ரெண்டு கொய்யாப்பழம், ஒரு கை மிளகு, ஒண்ணும் சிக்காட்டி ஒரு சிட்டிகை சக்கரையாவது. ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்யறதுதான, இதுல என்னத்தைப் பெருசாக் கண்டுட்டேன்னு கேப்பீங்க. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஒரு தடவை மாசக் கடைசி, அவங்க ஊட்டுல ஒண்ணுமே கெடையாது. கிண்ணத்தைக் கையில புடிச்சுக்கிட்டு அடுப்படிக்கும் பொறவாசலுக்குமா அவங்க நடையா நடக்கறதை நான் எங்க ஊட்டுல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில ரெண்டு கொத்து கருவேப்பிலையை ஒடிச்சுப் போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. அப்புறந்தான் மூஞ்சியில உசுரு வந்துச்சு.

"ஏனுங்க்கா, வெறுங்கிண்ணத்தைக் குடுத்தா நான் கோவிச்சுக்கவா போறேன்?"

"உன் கோவத்துக்கு இல்லை கண்ணு. வெறுசா எதையும் பாத்தா எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

எம்பதுகள்ல ஏற்காட்டு மலையில, தலைச்சோலைக்கு மேல இருந்த ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் வேலைக்கு வர்ற ஆளுங்க பேரை எழுதற கிளார்க். அவங்க டைப்பிஸ்ட். குடியிருந்ததும் எஸ்டேட் குடுத்த பக்கத்துப் பக்கத்து ஊடுதான். பேரு எதுக்குங்க? அங்க யாரும் அவங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆளுங்களுக்கு டைப்பிஸ்ட்டம்மா, எனக்கு அக்கா. எனக்கு வாய் நீளம், அவங்களுக்கு வாயே கெடையாது, அதனாலயோ என்னமோ எங்களுக்குள்ள ஒத்துப்போச்சு.

தெனமும் காத்தால மழை அளக்கற டப்பாவைப் பாத்து எழுதறது அவங்க வேலை. பங்குனி மாசம் வானம் வெளுத்துப் போய்க் கெடக்கும். அவங்க மட்டும் டப்பாவுக்குள்ள எட்டி எட்டிப் பாப்பாங்க. மழை இல்லைன்னு எழுதக் கை வராது. கொஞ்சம் ஈரம்னு இங்கிலீசுல எழுதி வெச்சிருவாங்க. மேனேஜர் நல்ல மனுசன், சிரிப்பாரு. "ஏம்மா, வெயிலு மண்டையைப் பொளக்குது. ஈரம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேப்பாரு. "பனி பேஞ்சுதுங்க சார்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே பதில் வரும். ஏற்காட்டுல பங்குனியில கூட விடியக்காலம் கொஞ்சம் பனி இருக்குந்தான். அவரும் விட்டுருவாரு.

இவங்க இப்படி ஆனதுக்குக் காரணம் எஸ்டேட்ல எல்லாருக்கும் தெரியும். அவங்க ஊட்டுக்காரர் எஸ்டேட் லாரி டிரைவர். நான் வேலைக்குச் சேர்றதுக்கு நொம்ப முன்னாலயே ஒரு நாள் காப்பி மூட்டை ஏத்திக்கிட்டு மலையெறங்கிப் போனவரு திரும்பி வரலை. லோடு போய்ச் சேர்ந்துருச்சு. லாரியும் லாரி ஸ்டாண்டுல நின்னுச்சு, சாவி வண்டியிலயே இருந்துச்சு, சீட்டுல அவரோட துண்டு கெடந்துச்சு. ஆளைத்தான் காணோம். ஆத்துல உழுந்துட்டாருன்னாங்க, பெங்களூர்ல ஒரு பொம்பளையோட பாத்தோம்னாங்க, வடக்க லாரி ஓட்டறாருன்னாங்க. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாங்க. பொணமும் கெடைக்கலை, ஒரு சேதியும் வரலை. கொழந்தை குட்டியும் இல்லை. அக்கா கான்வென்ட்டுல படிச்சு, டைப் அடிக்கவும் கத்துக்கிட்டிருந்ததால எஸ்டேட்ல கூப்பிட்டு வேலை குடுத்தாங்க.

அதுக்கப்புறமும் அவங்க பொட்டை அழிக்கலை, தாலியைக் கழட்டலை. அவரோட காக்கிச் சட்டையை மாசத்துக்கு ஒருக்கா தொவைச்சு இஸ்திரிப் பொட்டி போட்டு மடிச்சு வெப்பாங்க. "போட்டுக்க ஆளில்லாம எதுக்குங்க்கா தொவைக்கறீங்க?"ன்னு என் வாய் சும்மா இருக்காம ஒருநாள் கேட்டுருச்சு. "மலை ஈரத்துல பூஞ்சை புடிச்சுரும் கண்ணு"ன்னாங்க.

அவங்களுக்குன்னு இருந்த ஒரே சந்தோசம் ஒரு இங்கிலீசு டிக்‌ஷனரி. வெள்ளைக்காரன் காலத்துப் புஸ்தகம். பங்களாப் பரண்ல இருந்ததைக் கரையான் அரிச்சிருச்சுன்னு தூக்கி எறிஞ்சாங்க. இவங்க பொறுக்கி எடுத்துத் தொடைச்சு வெயில்ல காய வெச்சாங்க. சொல்லுக்கு அர்த்தம் மட்டும் இல்லை, அந்தச் சொல்லு எங்க பொறந்து எந்த ஊரு வழியா வந்துச்சுங்கற வரைக்கும் அதுல போட்டிருக்கும். மத்தியானம் சோறு தின்னதும் ரெண்டு பேரும் காப்பி காயப் போடற களத்தோரம் உக்காந்துக்குவோம். இவங்க ஒரு சொல்லுக்கு மூலம் படிச்சுச் சொல்லுவாங்க. நம்ம கட்டுமரம் இங்கிலீசுக்குப் போனது, நம்ம மிளகுத்தண்ணி வெள்ளைக்காரன் சூப்பு ஆனது, எல்லாம் எனக்கு அங்க தெரிஞ்சதுதான். அப்பத்தான் அந்தக்கா மொகத்துல சிரிப்பைப் பாக்க முடியும்.

ஒருநாள் எம்ப்டிங்கற சொல்லைப் பாத்துட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. அந்தக் காலத்து இங்கிலீசுல அதுக்கு ஒழிவா இருக்கறதுன்னுதான் அர்த்தமாம். வேலை வெட்டி இல்லாம சும்மா இருக்கறவன் எம்ப்டி. கல்யாணம் ஆகாம இருக்கறவங்களையும் அப்படித்தான் சொல்லிருக்காங்க.

"அட பாவமே! அப்ப நானு எம்ப்டியா?"ன்னு கத்துனேன். எனக்கு அப்ப கல்யாணம் ஆகலை.

"வேலைக்கு வர்றியே, அதனால பாதி எம்ப்டி"ன்னாங்க. ரெண்டு பேரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். களத்துல காப்பி கெளறிக்கிட்டிருந்த ஆளுங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அந்தச் சிரிப்போட நிறுத்தித் தொலைச்சிருக்கலாம். எம்ப்டிக்கு இப்படின்னா வாய்டுக்கு எப்படின்னு அடுத்த வாரம் தேடிப் பாத்துட்டாங்க. வாய்டுங்கறது எங்க ஆபீஸ்ல தெனமும் பொழங்கற சொல்லு. லாரிக்குக் குடுக்கற சலானைத் தப்பா அடிச்சுட்டா, அது செல்லாதுன்னு காட்ட, குறுக்கால பெரிய எழுத்துல வாய்டுன்னு அடிக்கோணும். அக்கா புஸ்தகத்தைத் தொறந்தாங்க, வெரலை வெச்சாங்க, படிச்சாங்க. அப்புறம் வெரலை எடுக்கவே இல்லை.

"என்னங்க்கா போட்டிருக்கு?"

"வெறுமைன்னுதான் போட்டிருக்கு."

"அது தெரிஞ்சதுதான?"

"லத்தீன்ல இருந்து வந்துச்சாம். அங்க அதுக்குத் தொணையை எழந்ததுன்னு அர்த்தமாம். புருசன் போனவள்னு." அந்த வரியை மறுக்கா படிச்சாங்க. "இங்கிலீசுல விடோ, நம்மூர்ல விதவை, இந்த வாய்டு, எல்லாம் ஒரே வேர் கண்ணு."

செத்துப் போன பாஷைக்கு என்னங்க்கா இத்தனை மரியாதை, மூடி வைங்கன்னு அதட்டுனேன். மூடித்தான் வெச்சாங்க. ஆனா அன்னியில இருந்து அந்தச் சொல்லை அவங்க டைப் அடிக்கலை. கெட்டுப் போன சலான்ல எல்லாம் கேன்சல்னு அடிச்சாங்க. மேனேஜர் கூப்பிட்டு, "மேலிடத்துல வாய்டுன்னுதான் கேக்கறாங்கம்மா"ன்னாரு. "கேன்சல்னா புரியாதுங்களா சார்?"னு இவங்க கேட்டாங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசாதவங்க அன்னைக்குப் பேசுனதுல அந்த மனுசன் அசந்தே போயிட்டாரு. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு என்கிட்டக் குடுத்தாரு. அப்புறம் அந்தச் சொல்லைக் குத்தறது என் வேலையாச்சு.

அந்தச் சமயம் பாத்து அவங்க கொழுந்தன் மலையேறி வர ஆரம்பிச்சாரு. காணாமப் போனவரோட கூடப் பொறந்த தம்பி. மலையடிவாரத்துல வெவசாயம். கெட்டவர்னு சொல்ல மாட்டேன், எனக்குத்தான் அவரைக் கண்டா பத்திக்கிட்டு வரும். அவரு மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க, எல்லாம் கூடி வந்து கடைசியில தட்டிப் போகுது. ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் போயிக் கலைஞ்சுருச்சு. ஜோசியர் சோழியைப் போட்டுப் பாத்துட்டு, ஊட்டு ஆம்பளை ஒருத்தன் காரியம் இல்லாம அலையறான், அவனைக் கரையேத்துனாத்தான் பொண்ணு கரையேறும்னு சொல்லிட்டாரு. காணாமப் போய்ப் பன்னெண்டு வருசம் ஆயிட்டா வைக்கோல்ல ஆள் செஞ்சு எரிச்சுக் காரியம் பண்ணிரலாம்னு அவங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. இவரு போயி அதுக்கும் மேல ஆயிருச்சு. பண்ணிட்டா கணக்குக்கு அவரு செத்தவரு. இவங்க தாலியைக் கழட்டியாகோணும்.

"அண்ணி, நானும் அண்ணன் வந்துருவாருன்னுதான் இத்தனை வருசம் இருந்தேனுங்க. பொண்ணு மூஞ்சியைப் பாக்க முடியலைங்க"ன்னு அந்தாளு எங்க முன்னால உக்காந்து அழுதாரு.

அக்கா காப்பித் தண்ணியை அவர் முன்னால வெச்சுட்டு, "அவரு இருக்காருங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். அவரு போனதும் அக்கா அந்தப் பழைய டிக்‌ஷனரியை எடுத்து அதே பக்கத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "அது என்ன ஜாதகமாங்க்கா?"ன்னு கேட்டேன். "எவ்வளவு தூரத்துல இருந்து வந்து எனக்குன்னு சொல்லுது பாரு"ன்னாங்க. அவங்க மனசுக்குள்ள அந்தச் சொல்லு ஒரு சகுனமாவே உக்காந்துருச்சு. பூனை குறுக்க போனாக் கூட வழி மாத்திப் போயிரலாம். படிச்ச சொல்லை எங்க கொண்டு போயித் தொலைக்கறது?

இப்படியே ஒரு வருசம் போச்சு. அப்புறம் மேனேஜர் ஆபீசுக்குன்னு புதுசா ஒரு டிக்‌ஷனரி வாங்கிக் கொண்டாந்தாரு. சேலம் கடையில வாங்குனது, பசை வாசம் கூடப் போகலை. அக்கா மொத வேலையா எந்தப் பக்கத்தைப் பிரிச்சாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்த நேரத்துல, "கண்ணு! கண்ணு!"ன்னு ஒரு கூப்பாடு. ஆபீஸே எழுந்து நின்னுருச்சு.

"தப்பாம் கண்ணு! பழைய புஸ்தகம் தப்பாம்! வாய்டுக்கும் விதவைக்கும் சம்பந்தமே இல்லையாம். அது வேற வேராம். காலியா இருக்கற எடம், ஒழிஞ்ச எடம், அவ்வளவுதான். வெக்கேஷன்னு லீவுக்குச் சொல்றோமே, அதுக்கு ஒறவாம். அந்தக் காலத்துல ஒருத்தர் தப்பாக் கணிச்சதை இப்ப திருத்திருக்காங்க."

"லீவா!"ன்னேன்.

"லீவுதான் கண்ணு. லீவுல போனவங்க திரும்பி வருவாங்கல்ல?"

சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க. சாமி சத்தியமா எனக்கும் அன்னைக்கு அது நல்ல சகுனமாத்தான் பட்டுச்சு. ரெண்டு கெழட்டுப் பண்டிதருங்க லத்தீனுக்கு அடிச்சுக்கிட்டா எங்க லாரி டிரைவர் எப்படி வருவாருன்னு யோசிக்கற புத்தி எனக்கும் இல்லை, அவங்களுக்கும் இல்லை. இத்தனை நாளா கெட்ட வாக்குச் சொன்ன புஸ்தகமே மாத்திச் சொல்லிருச்சு, சாமியும் நல்ல வாக்குத்தான் சொல்லும்னு அவங்களுக்குத் தைரியம் வந்துருச்சு. கொழுந்தன் அடுத்த தடவை வந்து, "சாமிகிட்டப் பூ கேட்டுருவோமுங்க அண்ணி, சாமி சொன்னா நான் வாயே தொறக்கலை"ன்னதும், "கேப்போம் தம்பி"ன்னு இவங்க டக்குனு சொல்லிட்டாங்க. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டுனேன்.

எஸ்டேட் எல்லையில சில்வர் ஓக் மரத்தடியில ஒரு முனியப்பன் இருந்தாரு. ஒரு வெள்ளிக்கெழமை அங்கதான் கேட்டாங்க. சில ஊர்ல செவப்புப் பூ, வெள்ளைப் பூன்னு ரெண்டு வெச்சுக் கேப்பாங்க. இவங்க குடும்பத்து வழக்கம் வேற. ஒரு பொட்டணத்துல பூ, இன்னொண்ணு வெறும் பொட்டணம். ரெண்டையும் ஒரே மாதிரி வாழையெலையில மடிச்சுச் சாமி முன்னால போட்டு, ஒரு சின்னப் புள்ளையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. பூ வந்தா இருக்காரு. வெறும் பொட்டணம் வந்தா இல்லை. கேக்கறவங்க கையாலதான் மடிக்கோணும், மத்தவங்க யாரும் பாக்கக் கூடாது. பூசாரி ரெண்டு எலைத்துண்டையும் கொஞ்சம் அரளிப்பூவும் குடுத்து அக்காவைக் கோயிலுக்குப் பின்னால அனுப்புனாரு. அக்கா கான்வென்ட்டுல வளந்தவங்க, பூ கேக்கறதை அதுக்கு முன்னால பாத்ததே இல்லை. கொஞ்சம் நேரமாச்சு. அப்புறம் ரெண்டு பொட்டணத்தையும் ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்தாங்க.

பூசாரி மக, நாலஞ்சு வயசுப் புள்ளை, எடுத்துக் குடுத்துச்சு. பூசாரி பிரிச்சாரு. செவ்வரளி.

அக்கா அப்படியே மடங்கித் தரையில உக்காந்துட்டாங்க. நான் கொலவை போட்டுட்டேன். கொழுந்தன் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. அந்தாளு வாக்குத் தவறலை, அப்படியே கெளம்பத்தான் திரும்புனாரு. பூசாரி, வழக்கப்படி, மீதிப் பொட்டணத்தையும் பிரிச்சு எலையைச் சாமி காலடியில போடறதுக்காக எடுத்தாரு. அதுக்குள்ளயும் பூ.

சுத்தி நின்னவங்க ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. சாமியையே ஏமாத்திட்டாளேன்னு ஒருத்தி. படிச்ச புத்தி போகுமான்னு இன்னொருத்தி. மறுக்கா கேப்போம்னு நான் கத்துனேன். ஒருக்கா பொய்யாப் போனா அதே காரியத்துக்கு மறுபடி கேக்கக் கூடாதுன்னு பூசாரி மறுத்துட்டாரு. அக்கா அவங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஏமாத்தோணும்னு இல்லீங்க. ஒரு பொட்டணத்துல பூ வெச்சேன். இன்னொண்ணை மடிச்சேன், பிரிச்சேன், மறுபடி மடிச்சேன். வெறும் எலையை மடிக்கக் கை ஓடலீங்க."

நான் நம்புனேன். அந்தக் கருவேப்பிலைக் கிண்ணத்தை வாங்குன என்னைத் தவிர அங்க வேற யாரு நம்புவாங்க? கொழுந்தனும் நம்புனாரு, அதுதான் கொடுமை. கூச்சல் போட்டவங்களையெல்லாம் கையமத்திட்டு அவரு இவங்க முன்னால வந்து குந்த வெச்சு உக்காந்தாரு. கோவமே இல்லாமத்தான் கேட்டாரு.

"அண்ணி, அண்ணன் இருக்காருன்னு உங்களுக்கு நெசமாவே நம்பிக்கை இருந்தா, வெறும் பொட்டணத்தை மடிக்க எதுக்குங்க பயந்தீங்க?"

அக்கா அவரை நிமிந்து பாத்தாங்க. வாயைத் தொறந்தாங்க. "அவரு இருக்காருங்க தம்பி"ன்னு வரும்னு நான் காத்துக்கிட்டு நின்னேன், இத்தனை வருசமா வந்த பதில்தான. வரலை. எழுந்திருங்க அக்கான்னு தூக்குனேன், ஒடம்புல ஒரு கனமும் இல்லை.

ஊட்டுக்குப் போற வழியில, "அவரு கேட்டது சரிதான் கண்ணு"ன்னாங்க. "அந்தாளு கெடக்கறான், அவன் பேச்சை எடுத்துக்கிட்டு"ன்னு நான் எரிஞ்சு உழுந்தேன். "இல்லை கண்ணு. எனக்கே தெரியாம எனக்குத் தெரிஞ்சிருக்குது"ன்னாங்க. அழுகை கூட வரலை. அழுதிருந்தாப் பரவால்லைன்னு இருந்துச்சு எனக்கு. அன்னைக்கு ராத்திரியே காரியத்துக்குச் சம்மதம்னு கொழுந்தனுக்கு ஆள் விட்டுட்டாங்க.

தை மாசம் அமாவாசைக்கு நானும் அவங்களோட பஸ்ஸுல மலையெறங்குனேன். அவங்க சொந்தக்காரங்க ஊரோரம் ஒரு ஓடை, அங்க பத்துப் பதினைஞ்சு பேரு இருந்தாங்க. தரையில வைக்கோலைப் பிரிபிரியாக் கட்டி ஆள் மாதிரி கெடத்தி ஒரு வேட்டியைச் சுத்திருந்தாங்க. போனவரு போட்டிருந்த துணி ஒண்ணு வேணும்னு முன்னயே சொல்லி அனுப்பிருந்தாங்க. அக்கா பையில இருந்து காக்கிச் சட்டையை எடுத்துக் குடுத்தாங்க, பொட்டி மடிப்புக் கலையாம. கொழுந்தன் அதை வைக்கோலுக்கு மாட்டி விட்டாரு. சட்டை தொளதொளன்னு கெடந்துச்சு, கைப்பக்கம் ரெண்டும் தட்டையாத் தரையில ஒட்டிக்கிட்டு.

தீப்பொட்டியை எடுத்தாங்க. நேரமாகுதுன்னு யாரோ சொன்னாங்க.

"இருங்க தம்பி"ன்னாங்க அக்கா. "அவரு இத்தனை ஒல்லி இல்லை."

போய்ப் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தாங்க. அங்க குவிச்சிருந்த வைக்கோல்ல இருந்து ஒவ்வொரு பிடியா எடுத்து மொதல்ல சட்டையோட வலது கைக்குள்ள திணிச்சாங்க, அப்புறம் இடது கைக்குள்ள. பட்டனைக் கழட்டி நெஞ்சுக்குள்ள திணிச்சாங்க. வயித்துப் பக்கம் கொஞ்சம் கூடவே வெச்சாங்க, அவருக்குத் தொப்பை உண்டாம். தோளைத் தூக்கி விட்டாங்க. ஒருத்தரும் அவங்களைத் தடுக்கலை. பொம்பளைங்க ஒப்பாரியை நிறுத்திட்டாங்க. தீப்பொட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன கொழுந்தன், "போதுமுங்க அண்ணி, போதுமுங்க"ன்னு கொழந்தையாட்டம் தேம்ப ஆரம்பிச்சாரு. இவங்க காதுல வாங்கலை. பட்டனை ஒண்ணொண்ணா மேல வரைக்கும் போட்டாங்க, காலரைச் சரி பண்ணுனாங்க, நெஞ்சுல ஒட்டியிருந்த துரும்பை வெரலால எடுத்துப் போட்டாங்க. செத்த பின்னால நகந்து பாத்தாங்க.

"இப்பத்தான் அவராட்டம் இருக்காரு"ன்னாங்க. "பத்த வெய்ங்க தம்பி."